மொன்டானாவின் இரண்டாவது இடம்: 11,000 பேரில் போனது, 30 ஆண்டு கழித்து வந்தது

1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இடப் பங்கீட்டுக்காக மொன்டானா மாநிலத்தின் கணக்கில் சேர்ந்தவர்கள் 8,03,655 பேர். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு 80 ஆண்டுகளாக இருந்த இரண்டு இடங்களில் ஒன்று அந்தக் கணக்கெடுப்போடு போயிற்று. மக்கள் குறைந்துவிடவில்லை, 1980-ஐவிடக் கூடித்தான் இருந்தார்கள். மற்ற மாநிலங்கள் அதைவிட வேகமாகப் பெருகின. இடங்களைப் பிரிக்கும்போது மீதமாகும் பின்னத்தை மேலே தள்ளுவதா, கீழே தள்ளுவதா என்று தீர்மானிக்கும் விதியும் மொன்டானாவுக்கு எதிராக விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது, 1992-ல் தோற்றது. போன இடம் திரும்பி வந்தது 2020 கணக்கெடுப்புக்குப் பிறகுதான்.

இந்த நிகழ்வைப் பின்னத்தின் கணக்காக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். தலைநகர் வாஷிங்டனில் மொன்டானாவுக்காக யார் பேசுவார் என்பதை அந்த மாநிலத்தில் தொடக்கம் முதலே வாக்குச்சீட்டோடு வேறு மூன்று காரியங்களும் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன: யார் எண்ணினார்கள், யார் கோடு போட்டார்கள், எந்தப் புள்ளியில் பின்னத்தை முழு எண்ணாக்கினார்கள்.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். தமிழில் அது கட்சியின் பெயராகக் காதில் விழும் என்பதால் இங்கே நாடாளுமன்றம் என்றே எழுதுகிறோம். அதில் இரண்டு அவைகள். செனட்டில் எந்த மாநிலமானாலும் இரண்டு பேர். பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைக்கு ஏற்ப மொத்தம் 435 பேர். எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று பிரிப்பது ஒரு வேலை, மாநிலத்துக்குள் தொகுதி எல்லை போடுவது இன்னொரு வேலை. நம்மூரில் இரண்டையும் சேர்த்துத் தொகுதி மறுவரையறை என்று சொல்லிவிடுகிறோம். அங்கே முதலாவது மத்தியில் நடக்கிறது, இரண்டாவது அந்தந்த மாநிலத்தில் நடக்கிறது. இரண்டையும் குழப்பினால் இந்த வழக்கே விளங்காது.

இரண்டு இடத்துக்கு நான்கு செனட்டர்கள்

மொன்டானா 1864-ல் ஆட்சிப்பகுதியாக உருவானது. அப்போது வாஷிங்டனுக்கு ஒரு பேராளரை அனுப்பலாம், அவருக்குச் சபையில் வாக்கு கிடையாது. 1889 நவம்பர் 8-ல் 41-வது மாநிலமாகச் சேர்ந்தபோது பிரதிநிதிகள் சபையில் ஓர் இடம் கிடைத்தது. அதில் முதலில் உட்கார்ந்தவர் குடியரசுக் கட்சியின் தாமஸ் கார்ட்டர்.

செனட் விவகாரம் அத்தனை சுலபமாக முடியவில்லை. அந்தக் காலத்தில் செனட்டரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும். முதல் தேர்தலிலேயே பியூட் நகரம் இருக்கும் சில்வர் போ கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) 34-வது வாக்குச்சாவடியின் முடிவு தகராறில் சிக்கியது. ரயில் சுரங்கப்பாதை வேலையாட்கள் வாக்களித்த சாவடி அது. அந்த வாக்குகளைச் சேர்த்தால் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை, தள்ளினால் குடியரசுக் கட்சிக்கு. இரு தரப்பும் தனித்தனிக் கட்டடத்தில் தனித்தனி அவையாகக் கூடின. முதல் கூட்டத்தொடரில் ஒரு சட்டம்கூட நிறைவேறவில்லை. ஆளுக்கு இரண்டு பேராக நான்கு செனட்டர்களைத் தேர்ந்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த செனட், தன் கட்சியின் வில்பர் சாண்டர்ஸையும் தாமஸ் பவரையும் ஏற்றது. வில்லியம் கிளார்க், மார்ட்டின் மகின்னிஸ் இருவரும் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள்.

தாமிரச் சுரங்க முதலாளியான அதே கிளார்க்கின் அடுத்த முயற்சி இன்னும் மோசம். 1899 ஜனவரியில் மாநிலச் செனட்டர் ஃப்ரெட் வைட்சைடு, வாக்குகளை விலைக்கு வாங்கத் தரப்பட்ட பணம் என்று 30,000 டாலரைச் சட்டமன்றத்தின் முன் கொண்டுவந்து காட்டினார். அதற்குப் பிறகும் கிளார்க் தேர்வானார். அவருக்கு அந்த இடத்தில் உரிமை இல்லை என்று செனட் குழு 1900-ல் ஒருமனதாக அறிக்கை கொடுத்தது. செனட் வாக்கெடுப்பு வருவதற்குள் கிளார்க் பதவி விலகினார். ஆளுநர் ராபர்ட் ஸ்மித் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, காலியான அதே இடத்துக்குத் துணை ஆளுநர் கிளார்க்கையே நியமித்தார். திரும்பி வந்த ஆளுநர் அந்த நியமனத்தை ரத்து செய்து மகின்னிஸின் பெயரை அனுப்பினார். இருவரில் யாரும் உட்காரவில்லை. செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வகைசெய்த 1913-ன் 17-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு நாடு தயாரானதில் மொன்டானாவின் இந்த அசிங்கத்துக்கும் பங்கு உண்டு.

கோடு இல்லாத தேர்தலும் கோடு போட்ட தேர்தலும்

1910 கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 3,76,053. 1913 முதல் இரண்டு இடம் என்று ஆயிற்று. மாநிலத்தை உடனே இரண்டாகப் பிரிக்கவில்லை. 1912, 1914, 1916 என மூன்று தேர்தல்களிலும் மாநிலம் முழுவதும் ஒரே களம். வாக்காளருக்கு இரண்டு வாக்கு, அதிக வாக்கு பெறும் முதல் இருவருக்கு இரண்டு இடம்.

ஜெனெட் ராங்கினுக்கு இந்த ஏற்பாடு கைகொடுத்தது. மொன்டானா பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1914-ல். அந்த இயக்கத்தை ஊர் ஊராக நடத்தியவர் அவர், அதனால் மாநிலத்தின் இரு கோடியிலும் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒரு பகுதியில் வலுவான கோட்டை இல்லாமல் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஆதரவு உள்ள வேட்பாளருக்கு மாநிலம் தழுவிய களம்தான் வசதி. இரண்டு வாக்கில் ஒன்றைத் தன் கட்சிக்காரருக்குப் போட்டுவிட்டு மற்றதை அவருக்குப் போடவும் முடிந்தது. 1916-ல் ஜனநாயகக் கட்சியின் ஜான் எவன்ஸ் முதலிடம், குடியரசுக் கட்சியின் ராங்கின் இரண்டாமிடம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் அவர். 1917 ஏப்ரலில் முதல் உலகப் போருக்கு எதிராக வாக்களித்த 50 உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

அதே 1917-ல் மாநிலச் சட்டமன்றம் மொன்டானாவை மேற்கு, கிழக்கு என இரண்டு தொகுதியாக வெட்டியது. ராங்கினின் ஊரான மிஸூலா மேற்கில் விழுந்தது. பியூட்டின் சுரங்கத் தொழிலாளர் வாக்குகளும் அங்கேதான், அது ஜனநாயகக் கட்சியின் வலுவான பகுதி. கிழக்குச் சமவெளியில் அவருக்கு இருந்த ஆதரவு ஒரே சட்டத்தில் பயனற்றுப் போனது. மேற்கில் நின்றால் தேற முடியாது என்று கணித்து, 1918-ல் மாநிலம் முழுவதும் வாக்களிக்கும் செனட் இடத்துக்குப் போட்டியிட்டார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் தோற்றார். பிறகு வேறொரு கட்சியின் பெயரில் நின்று மூன்றாமிடம் வந்தார். அவரை நோக்கியே அந்தக் கோடு போடப்பட்டதா என்ற வாதம் அன்று முதல் இருக்கிறது. நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவைப் பற்றிச் சந்தேகம் இல்லை. ஒரு வாக்கும் மாறாமல் ஓர் உறுப்பினரை வெளியே அனுப்ப எல்லைக்கோடு ஒன்று போதும்.

1940-ல் அதே மேற்குத் தொகுதியில் அவர் மறுபடி வென்றது தனிக் கதை. 1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் மீதான போர் அறிவிப்புக்கு 388 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று அவருடையது. அடுத்து அந்தத் தொகுதியில் வந்தவர் மைக் மேன்ஸ்ஃபீல்டு. 1961 முதல் 1977 வரை செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக இருந்தவர். சின்ன மாநிலம் எண்ணிக்கையில் இழப்பதை இப்படி ஒருவரின் நீண்ட பணிமூப்பால் ஈடுகட்டிக்கொள்ளும். இது மொன்டானா நன்றாகக் கற்றுக்கொண்ட வித்தை.

போட்ட கோட்டை யாரும் நகர்த்தாவிட்டாலும் கெடுதிதான். மேற்கிலும் கிழக்கிலும் மக்கள்தொகை வெவ்வேறு வேகத்தில் மாறியது, 1960-ல் ஒரு தொகுதியில் 2,74,194 பேர், மற்றதில் 4,00,573 பேர். மாநிலச் செனட் நிலைமை இதைவிடக் கேவலம். 1889 அரசியல் சட்டப்படி கவுன்டிக்கு ஒரு செனட்டர். 1910-களில் கவுன்டிகளை உடைத்து உடைத்து 1925-ல் எண்ணிக்கை 56 ஆனது. கடைசியாகப் பிறந்த பெட்ரோலியம் கவுன்டியில் 1960-ல் ஆயிரம் பேர்கூட இல்லை. பில்லிங்ஸ் நகரம் உள்ள யெல்லோஸ்டோன் கவுன்டியில் ஏறக்குறைய 79,000 பேர். இரண்டுக்கும் ஒரே ஒரு செனட்டர். ஒரு மாநிலத்துக்குள் நாடாளுமன்றத் தொகுதிகள் மக்கள்தொகையில் சமமாக இருக்க வேண்டும் என்று 1964-ல் வெஸ்பெரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அதே ஆண்டு அதே நெறி வந்தது. 1965-ல் கவுன்டிச் செனட் முறை நீதிமன்ற உத்தரவால் ஒழிந்தது. 1972-ன் புதிய மாநில அரசியல் சட்டம் எல்லை போடும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து எடுத்து ஐவர் ஆணையத்திடம் கொடுத்தது.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்

435 இடத்தைப் பிரிக்கும் முறை 1941 முதல் சட்டத்தில் இருக்கிறது. கணக்கெடுப்புத் துறையின் புள்ளியியலாளர் ஜோசஃப் ஹில் யோசித்து, ஹார்வர்டு கணிதப் பேராசிரியர் எட்வர்டு ஹன்டிங்டன் செம்மைப்படுத்திய முறை அது. கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர் போதும்.

முதலில் 50 மாநிலங்களுக்கும் ஆளுக்கு ஓர் இடம். அரசியல் சட்டம் தரும் உத்தரவாதம் இது, இதில் கணக்கே இல்லை. மீதி 385. ஒவ்வொரு மாநிலமும் தன் அடுத்த இடத்துக்கு ஒரு முன்னுரிமை எண்ணோடு வரிசையில் நிற்கும். இரண்டாவது இடத்துக்கான எண் வேண்டுமென்றால் மாநில மக்கள்தொகையை 1 × 2-ன் வர்க்கமூலத்தால், அதாவது 1.41421-ஆல் வகுக்க வேண்டும். மூன்றாவதுக்கு 2 × 3-ன் வர்க்கமூலம், ஒன்பதாவதுக்கு 8 × 9-ன் வர்க்கமூலம். எல்லா எண்களையும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி மேலே இருக்கும் 385-ஐ எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது.

1990-க்குப் போட்டுப் பார்க்கலாம். மொன்டானாவின் இரண்டாவது இடத்துக்கு 8,03,655 ÷ 1.41421 = 5,68,270. அந்த ஆண்டு 435-வதாக, கடைசியாக உள்ளே வந்தது வாஷிங்டன் மாநிலத்தின் (தலைநகர் வாஷிங்டன் வேறு) ஒன்பதாவது இடம்: 48,87,941 ÷ 8.48528 = 5,76,049. மொன்டானா அதற்குக் கீழே நின்றது. அடுத்த ஆளும் மொன்டானா இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 436-வதாக நின்றது மாசசூசெட்ஸின் 11-வது இடம், 5,74,847. வாஷிங்டனை விலக்கினாலும் இந்த முறைப்படி அந்த இடம் மொன்டானாவுக்கு வந்திருக்காது. ஆகவே எண்ணிக்கையில் தவறு என்று மட்டும் வாதாடி மொன்டானா ஜெயிக்க முடியாது, முறையையே எதிர்க்க வேண்டியிருந்தது.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். நாட்டின் மொத்தத்தை 435-ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்கு 5,72,466 பேர். மொன்டானாவின் பங்கு 8,03,655 ÷ 5,72,466 = 1.404. இந்த 1.404-ஐ ஒன்றாக்குவதா, இரண்டாக்குவதா? பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி பாதிக்குக் கீழ் என்றால் கீழே, அதாவது வேலி 1.5-ல், கூட்டுச் சராசரியில் இருக்கும். வெப்ஸ்டர் முறை அதுதான். ஹில் முறையில் வேலி ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள பெருக்குச் சராசரியில், 1.414-ல் இருக்கிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் டீன் 1832-ல் சொன்ன முறையில் இசைச் சராசரி, 1.333. மொன்டானாவின் 1.404 டீனின் வேலியைத் தாண்டிவிட்டது, ஹில்லின் வேலிக்கு 0.01 குறைவாக நின்றது. (வேலியும் சராசரியும் கச்சிதமாக ஒத்துப்போவது எல்லா ஆண்டும் நடக்காது, துல்லியம் வேண்டுமென்றால் முன்னுரிமை எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நிலைமையைச் சட்டென்று புரிந்துகொள்ள இது நல்ல குறுக்குவழி.)

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பங்கீட்டுக்கு எடுப்பது மாநிலத்தில் குடியிருப்போர் எண்ணிக்கையை மட்டுமல்ல. 1990-ல் வெளிநாட்டில் பணியாற்றும் ராணுவத்தினரையும் மத்திய அரசு ஊழியர்களையும் சொந்த மாநிலக் கணக்கில் சேர்த்தார்கள். குடியிருப்போர் 7,99,065 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் மொன்டானாவுக்கு விடை தவறாக வரும். அந்த வெளிநாட்டுக் கணக்கைச் சேர்த்ததால்தான் கடைசி இடம் மாசசூசெட்ஸிடமிருந்து வாஷிங்டனுக்குப் போனது. மாசசூசெட்ஸ் அதை எதிர்த்துத் தனியாக வழக்குப் போட்டு அதுவும் 1992-ல் தோற்றது. ஒரே இடத்தை இரண்டு மாநிலங்கள் இரண்டு வேறு வாதங்களோடு ஒரே ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் கேட்டன.

வழக்கு

மொன்டானாவின் வாதம் எளிமையானது, மனத்தில் தைப்பது. ஒரே உறுப்பினர் என்றால் 8,03,655 பேருக்கு ஒருவர், நாட்டிலேயே அதிக மக்கள் உள்ள தொகுதி. பக்கத்து மாநிலமான வயோமிங்கில் 4,55,975 பேருக்கு ஒருவர். ஒருவருக்கு ஒரு வாக்கு, எல்லா வாக்குக்கும் ஒரே மதிப்பு என்று 1964-ல் சொன்ன நீதிமன்றம் இதை எப்படி ஏற்கும்? டீன் முறையில் போட்டால் நாட்டில் மாறுவது இரண்டு மாநிலங்கள் மட்டும்: மொன்டானாவுக்கு 2, வாஷிங்டனுக்கு 8.

மூன்று நீதிபதிகள் கொண்ட மாவட்ட நீதிமன்றம் 1991 அக்டோபரில் 2–1 என்று மொன்டானாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரை நூற்றாண்டாக இருந்த சட்டம் செல்லாது என்றது. 1992 தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, மத்திய அரசு நேராக உச்ச நீதிமன்றம் போனது. மார்ச் 4-ல் வாதம். மொன்டானாவுக்காக மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ராஸ்கோ, மத்திய அரசுக்காக சொலிசிட்டர் ஜெனரல் கென்னத் ஸ்டார். மார்ச் 31-ல் நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் எழுதிய தீர்ப்பு வந்தது. ஒன்பது பேரும் ஒரே குரலில் மொன்டானாவுக்கு எதிராக.

தீர்ப்பின் உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு மாநிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது விளங்கும். மொன்டானாவுக்கு 1, வாஷிங்டனுக்கு 9 என்றால் தொகுதியின் அளவு 8,03,655-ம் 5,43,105-ம். வித்தியாசம் 2,60,550 பேர். மொன்டானாவுக்கு 2, வாஷிங்டனுக்கு 8 என்றால் 4,01,828-ம் 6,10,993-ம். வித்தியாசம் 2,09,165 பேர். கழித்துப் பார்த்தால் இரண்டாவது ஏற்பாடு நியாயம். வகுத்துப் பார்த்தால் கதை திரும்புகிறது: முதல் ஏற்பாட்டில் பெரிய தொகுதி சிறியதைவிட 48 சதவீதம் பெரியது, இரண்டாவதில் 52 சதவீதம். கழித்தல் சொல்வதை வகுத்தல் மறுக்கிறது. ஏற்றத்தாழ்வை எதால் அளப்பது என்பதிலேயே இரண்டு நேர்மையான விடைகள் இருக்கின்றன. அரசியல் சட்டம் இரண்டில் ஒன்றைக் கைகாட்டவில்லை. நாடாளுமன்றம் அறிஞர்களைக் கேட்டு நல்லெண்ணத்தோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐம்பது ஆண்டாகப் பயன்படுத்தி வந்திருக்கிறது, அதை நீதிமன்றம் கலைக்காது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

வெஸ்பெரி நெறி ஏன் இங்கே செல்லாது என்பதற்கும் விளக்கம் இருந்தது. ஒரு மாநிலத்துக்குள் கோட்டை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தித் தொகுதிகளைச் சமமாக்கலாம். மாநில எல்லையைத் தாண்டித் தொகுதி போட முடியாது, சிறிய மாநிலத்துக்கும் ஒன்றாவது தந்தாக வேண்டும். இந்த இரண்டு கட்டுப்பாடும் இருக்கும்வரை மாநிலங்களுக்கிடையே முழுச் சமத்துவம் எந்த முறையிலும் வராது. நீதிமன்றம் சட்டப்படி சரியாகத்தான் சொன்னது என்பது எங்கள் கருத்து. ஆனால் 435 என்ற எண் 1910-களிலிருந்து அப்படியே நிற்கிறதே, அதைக் கூட்டினால் சிறிய மாநிலங்களின் இந்த வலி குறையுமே என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் இடமே இல்லை. அது நாடாளுமன்றம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஒரே தொகுதியில் இருவர்

1992 நவம்பரில் மேற்கின் உறுப்பினர் பேட் வில்லியம்ஸும் கிழக்கின் உறுப்பினர் ரான் மார்லினியும் ஒரே இடத்துக்கு மோதினார்கள். இருவரும் பதவியில் இருந்தவர்கள். ஜனநாயகக் கட்சியின் வில்லியம்ஸ் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். அவரிடம் வந்து சேர்ந்த தொகுதியின் பரப்பு 3,80,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மேற்கில் மலையும் காடும் மரத்தொழிலும், கிழக்கில் கோதுமையும் மாடும் நிலக்கரியும். காட்டுநிலத்தைப் பாதுகாப்பதா, வெட்டத் திறப்பதா என்ற ஒரு கேள்விக்கே முன்பு இருவர் இரண்டு விதமாக வாக்களிப்பார்கள். இப்போது ஒருவர் எப்படி வாக்களித்தாலும் பாதி மாநிலம் தன் குரல் போய்விட்டதாக உணர்ந்தது. முன்னாள் ராணுவத்தினரின் உதவித்தொகை, ஓய்வூதியம், கடவுச்சீட்டு என்று உறுப்பினர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களும் ஒரே மேசைக்கு வந்தன. அதிபர் தேர்தலில் மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு (செனட்டர் இருவரோடு சபை உறுப்பினர்களைக் கூட்டி வரும் எண்) நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தது.

1996-ல் ரிக் ஹில், 2000-ல் டென்னி ரெபர்க், 2012-ல் ஸ்டீவ் டெய்ன்ஸ், 2014-ல் ரையன் ஸிங்கி, 2017 இடைத்தேர்தலில் கிரெக் ஜியான்ஃபோர்டே, 2020-ல் மேட் ரோசன்டேல். வில்லியம்ஸுக்குப் பிறகு அந்த ஒற்றை இடத்துக்கு வந்த எல்லோரும் குடியரசுக் கட்சியினர்.

1.399, மறுபடியும் 1.399, பிறகு 1.426

2000-ல் மொன்டானாவின் பங்கீட்டு மக்கள்தொகை 9,05,316. தேசியச் சராசரி 6,46,952. பங்கு 1.399. 2010-ல் 9,94,416-ஐ 7,10,767-ஆல் வகுத்தால் மறுபடியும் 1.399. மாநிலம் ஏறத்தாழ நாட்டின் வேகத்திலேயே வளர்ந்ததால் வேலிக்கு வெளியே அதே இடத்தில் நின்றுகொண்டே இருந்தது. மற்ற மாநிலங்களின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, கடைசி இடத்தைப் பிடித்த மாநிலத்தின் முன்னுரிமை எண்ணை 1.41421-ஆல் பெருக்கினால் மொன்டானாவுக்குத் தேவைப்பட்டது எவ்வளவு என்று தெரியும். 1990-ல் சுமார் 11,000 பேர் குறைவு. 2000-ல் சுமார் 8,200. 2010-ல் சுமார் 10,000. ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகை அது.

ஆகவே எண்ணப்படாமல் விடுபடும் ஒவ்வொரு வீடும் இங்கே கனக்கிறது. மொன்டானாவில் பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலங்கள் ஏழு. இத்தகைய நிலங்களில் வாழும் பூர்வகுடியினரில் 1990-ல் நாடு முழுவதும் 12 சதவீதத்துக்கு மேல் எண்ணிக்கையில் விடுபட்டார்கள் என்று கணக்கெடுப்புத் துறையின் பிந்தைய ஆய்வே மதிப்பிட்டது. 2020-லும் 5.64 சதவீதம் விடுபட்டது. இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. கிராமப்புறத்தில் பலருக்கு வீட்டு வாசலுக்குத் தபால் வராது, அஞ்சலகப் பெட்டியில் போய் எடுத்துக்கொள்வார்கள். கணக்கெடுப்புப் படிவம் அஞ்சல் பெட்டி முகவரிக்கு அனுப்பப்படுவதில்லை, ஏனென்றால் எண்ணுவது வீட்டை. பணியாளர் நேரில் போய் வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் அந்த வேலை நின்றுபோய் மே மாதம்தான் மறுபடி தொடங்கியது.

அப்படியிருந்தும் 2021 ஏப்ரல் 26-ல் வெளியான எண் 10,85,407. சராசரி 7,61,169. பங்கு 1.426, வேலியைத் தாண்டியாயிற்று. முன்னுரிமை எண் 7,67,499. மொன்டானாவின் இரண்டாவது இடம் 434-வதாக உள்ளே வந்தது. 435-வது மினசோட்டாவுக்கு. 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால் பிடித்திருக்கும் என்ற நிலையில் நியூயார்க் 436-வதாக வெளியே நின்றது. மொன்டானாவின் கைக்காப்பும் பெரிதில்லை, அதன் கணக்கில் சுமார் 6,370 பேர் குறைந்திருந்தால் அந்த இடம் நியூயார்க்குக்குப் போயிருக்கும்.

மறுபடியும் ஒரு கோடு

30 ஆண்டாக நாடாளுமன்றக் கோடு போடும் வேலையே இல்லாதிருந்த ஐவர் ஆணையத்துக்கு 2021-ல் அந்த வேலை வந்தது. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் பெரும்பான்மை, சிறுபான்மைத் தலைவர்கள் ஆளுக்கொருவராக நால்வரை நியமிப்பார்கள். அரசுப் பதவியில் இருப்பவர் உறுப்பினராக முடியாது. ஐந்தாவதாகத் தலைவரை அந்த நால்வர் 20 நாளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும், முடியாவிட்டால் மாநில உச்ச நீதிமன்றம் நியமிக்கும். இம்முறையும் இரண்டுக்கு இரண்டு என்று நின்றுபோக, நீதிமன்றம் மேலின் ஸ்மித்தைத் தலைவராக்கியது.

சண்டை ஏறக்குறைய முழுக்க மூன்று இடங்களைப் பற்றியது: தலைநகர் ஹெலெனா, காலிஸ்பெல் இருக்கும் ஃபிளாட்ஹெட் கவுன்டி, போஸ்மன் இருக்கும் கேலட்டின் கவுன்டி. ஹெலெனா மேற்கில் சேர்ந்தால் ஜனநாயகக் கட்சிக்கு வாய்ப்பு, ஃபிளாட்ஹெட் சேர்ந்தால் குடியரசுக் கட்சிக்குப் பலம். 2021 நவம்பரில் 3–2 என்ற வாக்கில், தலைவர் குடியரசுக் கட்சியின் பக்கம் சேர, வரைபடம் முடிவானது. மிஸூலா, பியூட், போஸ்மன், காலிஸ்பெல் மேற்கில். ஹெலெனா, கிரேட் ஃபால்ஸ், பில்லிங்ஸ் கிழக்கில். 56 கவுன்டிகளில் பான்டரே ஒன்றை மட்டும் இரண்டாக வெட்டினார்கள். எண்ணிக்கையைச் சமமாக்க எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். குடியிருப்போர் 10,84,225 என்பது ஒற்றைப்படை எண், ஆகவே இரண்டு தொகுதிக்கும் ஒரே ஓர் ஆள் வித்தியாசம். 1960-ல் 1,26,379 பேர் வித்தியாசத்தோடு தேர்தல் நடத்திய மாநிலம் அது.

2022-ல் மேற்கில் ரையன் ஸிங்கி ஜனநாயகக் கட்சியின் மோனிகா டிரானலை மூன்று சதவீதப் புள்ளி அளவு வித்தியாசத்தில் வென்றார். கிழக்கில் ரோசன்டேல் எளிதாக வென்றார். 2023 ஜனவரியில், 30 ஆண்டுக்குப் பிறகு, மொன்டானாவிலிருந்து இரண்டு பேர் பிரதிநிதிகள் சபையில் உறுதிமொழி ஏற்றார்கள். 2024 அதிபர் தேர்தலில் மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு மறுபடி நான்கு.